மறுகால் இல்லாத குளம்

யாக்கவ் பெரல்மானின் ‘பொழுதுபோக்கு பௌதிகம்’ எங்கள் வீட்டு அலமாரியில் இன்னும் இருக்கிறது. மாஸ்கோவில் தமிழில் அச்சடித்த பிரதி. கெட்டி அட்டை, நூலால் தைத்த கட்டு. இத்தனை வருடம் கழித்தும் ஒரு தாள் கழன்று விழவில்லை. திருநெல்வேலியில் ஒரு புத்தகக் கண்காட்சியில் அப்பா வாங்கியது. அவர் கொடுத்த காசுக்கு அன்றைக்கு ஜங்ஷன் ஓட்டலில் இரண்டு பேர் வயிறாரச் சாப்பிட்டிருக்க முடியாது. விற்றவரிடம் அப்பா கேட்டாராம்: “அண்ணாச்சி, இந்த வெலைக்குக் குடுத்தா ஒங்களுக்கு எப்படிக் கட்டுபடியாகும்?” அவர் சிரித்துக்கொண்டே சொன்னாராம்: “எங்களுக்குக் கமிஷன் வந்திரும் சார். நட்டமெல்லாம் மாஸ்கோவுக்குத்தான்.”

வேடிக்கைக்குச் சொன்னதுதான். ஆனால் சோவியத் பொருளாதாரத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. தாள், மை, தையல், மொழிபெயர்ப்பாளர் சம்பளம், கப்பல் கூலி எல்லாவற்றையும் கூட்டினால் அந்த விலை எந்த மூலைக்கும் காணாது. அப்படியானால் அந்த விலை எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், 15 குடியரசுகளைக் கொண்ட ஒரு வல்லரசு ஏன் சரிந்தது என்ற இடத்துக்குப் போய்ச் சேரலாம். போகிற வழியில் நம் மாவட்டத்தின் தென்கோடியில் நிற்கும் இரண்டு பெரிய சமாச்சாரங்களும் வரும். ஒன்று கூடங்குளம் அணு உலை. மற்றொன்று மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் ராக்கெட் எஞ்சின். இரண்டுமே, சரிந்துகொண்டிருந்த ஒரு அரசு போட்ட கையெழுத்தில் தொடங்கியவை.

ஆனால் மாஸ்கோவுக்கு முன்னால் ஆற்றங்கரையில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேருகிற தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் ஆட்சியில் கட்டியது. மற்றவை அதற்கும் முந்தியவை. இவற்றிலிருந்து பிரியும் கால்களும் குளங்களும் சேர்ந்து சுமார் 86,000 ஏக்கரை நனைக்கின்றன. கார், பிசானம் என்று இரண்டு பூ. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தப் பாசனத் தண்ணீருக்குச் சந்தை விலை கிடையாது. கன்னடியன் காலில் யாரும் தண்ணீரைப் படி அளந்து விற்பதில்லை. எந்தக் காலுக்கு எப்போது திறப்பது, எந்த மடைக்கு எத்தனை நாள் முறை, அணையில் நீர் குறைந்த வருடம் யாருக்குக் கார் இல்லை என்பதையெல்லாம் வழக்கமும் விதியும் அதிகாரியும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். சுருங்கச் சொன்னால் இது ஒரு திட்டப் பொருளாதாரம். சண்டையும் சச்சரவுமாக என்றாலும், நூற்றாண்டுக் கணக்காக நடந்து வருகிறது.

அப்படியானால் விலையே இல்லாமல் பங்கீடு நடக்காது என்று சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. ஆற்றில் பங்கிடப்படுவது ஒரே ஒரு பொருள். அது கண்ணுக்குத் தெரிகிறது. குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்று கரையில் நின்று எவரும் பார்க்கலாம். அதைவிட முக்கியம், முடிவெடுப்பவரும் அவதிப்படுபவரும் ஒரே ஆற்றங்கரையில் இருக்கிறார்கள். கடைமடைக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு மேல்மடைக்கு வந்து, “என்ன வே, பலகையைத் தூக்குதீரா இல்லையா?” என்று கேட்கலாம். தகவல் அவ்வளவு வேகமாகப் போகிறது.

இப்போது தண்ணீரோடு எஃகையும் சேருங்கள். பிறகு நிலக்கரி, பித்தான், பென்சிலின், குழந்தைச் செருப்பு. லெனின்கிராடு முதல் விளாதிவொஸ்தோக் வரை நீட்டுங்கள். மாஸ்கோவில் கோஸ்பிளான் என்ற திட்டக்குழுவின் வேலை அதுதான். டிராக்டர் செய்ய எஃகு வேண்டும். எஃகுக்கு நிலக்கரி வேண்டும். நிலக்கரி வெட்டச் சுரங்கத்துக்கு எஃகு வேண்டும். கணக்கு வட்டமடித்துத் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். கையால் போட்டுத் தீராத கணக்கு. எனவே திட்டக்காரர்கள் குறுக்கு வழி ஒன்று வைத்திருந்தார்கள். போன வருட உற்பத்தியை எடுத்து, மேலே சில சதவீதம் கூட்டினால் இந்த வருடத் திட்டம் தயார். இது ஆலை மேலாளருக்குத் தெரியாதா? அதிகம் செய்து காட்டினால் அடுத்த வருடம் கழுத்தில் சுமை ஏறும் என்று அவர் தன் உண்மையான திறனை ஒளித்து வைப்பார். ஆணி உற்பத்தியை எடையில் அளந்தால் கனத்த ஆணிகள் மட்டும் வரும். குரோகடில் என்ற சோவியத் நகைச்சுவை இதழ் இதை ஒரு கேலிச்சித்திரமாகவே போட்டது: ஆலை முழுவதற்கும் ஒரே ஒரு ராட்சத ஆணி, திட்டம் நிறைவேறிவிட்டது.

இந்தக் கணக்கைத் தீர்க்க வழி ஒன்று இருந்தது. கண்டுபிடித்ததும் ஒரு சோவியத்காரர்தான். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

லியனீத் கன்தரோவிச், லெனின்கிராடில் ஒரு கணிதப் பேராசிரியர். 1930களின் இறுதியில் ஒட்டுப்பலகை செய்யும் நிறுவனம் ஒன்று அவரிடம் ஒரு சந்தேகத்தோடு வந்தது. தங்களிடம் எட்டு இயந்திரங்களும் ஐந்து வகை மரமும் இருக்கின்றன. ஒவ்வொரு இயந்திரமும் ஒவ்வொரு மரத்தை ஒவ்வொரு வேகத்தில் சீவுகிறது. எதில் எதைப் போட்டால் மொத்த உற்பத்தி அதிகமாகும்? (எட்டு இயந்திரம் என்று படித்ததும் எனக்கு நம் எட்டு அணைதான் ஞாபகம் வந்தது. ஊர்ப் பாசம்.) இதற்கு விடை தேடப் போய், இன்று நேரியல் நிரலாக்கம் என்று நாம் சொல்லும் கணித முறையை அவர் உருவாக்கி 1939இல் வெளியிட்டார். விமான நிறுவனம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை எதுவும் இன்றைக்கு அந்தக் கணிதம் இல்லாமல் ஓடாது.

விடையைக் கண்டதோடு கன்தரோவிச் நிற்கவில்லை. அந்தக் கணக்கின் உள்ளே, அவர் தேடாத இன்னொன்று தானாக வந்து நின்றது. ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் ஓர் எண். அந்தப் பொருள் இன்னும் ஓர் அலகு கிடைத்தால் மொத்த விளைச்சல் எவ்வளவு கூடும் என்று சொல்லும் எண். நம் ஆற்றில் வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். பிசானப் பயிர் பால் பிடிக்கிற நேரம், ஸ்ரீவைகுண்டம் கடைமடையில் ஒரே ஒரு முறைத் தண்ணீர் கூடுதலாகக் கிடைத்தால் எத்தனை கோட்டை நெல் மிஞ்சும்? அதுதான் அந்தத் தண்ணீருக்கான எண். அதே நாளில் மேல்மடையில், குளம் ததும்பி நிற்கிற ஊரில், அந்த எண் பூஜ்யம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியபோது அது பூஜ்யத்துக்கும் கீழே போயிருக்கும். தண்ணீரை எடுத்துக்கொண்டு போகிறவருக்கு நாமே காசு கொடுத்திருப்போம். ஒரே பொருள், ஒரே ஆறு. இடத்துக்கும் நாளுக்கும் ஏற்றபடி மதிப்பு மாறுகிறது.

பொருளியலில் இதற்கு நிழல் விலை என்று பெயர். யாரும் வாங்கவில்லை, யாரும் விற்கவில்லை, முதலாளி இல்லை, சந்தை இல்லை. ஆனாலும் விலை இருக்கிறது. சிறந்த திட்டம் எதுவோ, அதன் வயிற்றுக்குள்ளேயே விலை ஒளிந்திருக்கிறது. விலையை ஒழித்துவிட்டுத் திட்டத்தை வைத்துக்கொள்ள முடியாது என்று கணிதமே சொல்லிவிட்டது. ஒரு மார்க்சிய அரசில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வது சாதாரணக் காரியமல்ல. விலை என்ற சொல்லையே தவிர்த்து, புறநிலையாகத் தீர்மானிக்கப்பட்ட மதிப்பீடுகள் என்று பல்லை உடைக்கிற பெயர் ஒன்றை வைத்தார். இந்தப் பொருளாதாரக் கருத்துகளை விளக்கிய அவருடைய பெரிய நூல் 1959இல்தான் வெளிவந்தது. 1975இல் பொருளியல் நோபல் பரிசு அவருக்கும் அமெரிக்காவில் இருந்த கூப்மன்ஸுக்கும் பங்காகக் கிடைத்தது. அவருடைய நாடு மட்டும் அவரை மேடையில் வைத்துப் பாராட்டிவிட்டு, அந்த எண்களைப் பெரும்பாலும் பீரோவில் வைத்துவிட்டது.

இடையில் ஒன்று. இரண்டாம் உலகப் போரில் லெனின்கிராடு முற்றுகையிடப்பட்டபோது, உறைந்த லதோகா ஏரியின் மேல் உணவு லாரிகள் ஓடின. பனி உடையாமல் இருக்க லாரிகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று கணக்கிட்டவர்களில் கன்தரோவிச்சும் ஒருவர். அதே முற்றுகையில், 1942 மார்ச்சில், பட்டினியால் இறந்தார் ஒரு அறிவியல் எழுத்தாளர். அவர்தான் யாக்கவ் பெரல்மான். எங்கள் அலமாரியில் இருப்பவர்.

விலைகளைக் கோஸ்பிளான் ஏன் தொடவில்லை? பயம்தான். 1962 ஜூனில் குருஷ்சேவ் அரசு இறைச்சி, வெண்ணெய் விலையை ஏற்றியது. நவசெர்காஸ்க் என்ற ஊரில் ரயில் எஞ்சின் ஆலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி ஊர்வலம் போனார்கள். தொழிலாளர் அரசின் படை தொழிலாளர்களைச் சுட்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செய்தி வெளியே வராமல் பல பத்தாண்டுகள் மூடி வைக்கப்பட்டது. ஆனால் கிரெம்ளின் அந்தப் பாடத்தை மறக்கவில்லை. அதன்பின் அரசுக் கடையில் இறைச்சி விலை ஏறக்குறைய முப்பது வருடம் அசையவே இல்லை. விளைவிக்க ஆகும் செலவோ ஏறிக்கொண்டே போனது. நடுவில் விழுந்த பள்ளத்தை அரசு கஜானா நிரப்பியது. ரொட்டி மிக மலிவாக இருந்ததால் பன்றிக்குத் தீவனமாகவே போட்டார்கள். புத்தகம், சினிமா, ரயில், வீட்டு வாடகை எல்லாமே இந்தக் கணக்குத்தான். அப்பா கொடுத்த காசின் ரகசியம் இதில் இருக்கிறது. மேலே ஒரு சலுகை: அது கொள்கைப் பிரச்சாரம் என்பதால் மாஸ்கோ சந்தோஷமாகவே நட்டப்பட்டது.

திருநெல்வேலி அந்த நட்டத்தை நன்றாகவே அனுபவித்த ஊர். ‘பஞ்சும் பசியும்’ எழுதிய தொ.மு.சி. ரகுநாதன் நெல்லைக்காரர், கார்க்கியின் ‘தாய்’ நாவலைத் தமிழாக்கியவர், ‘சோவியத் நாடு’ இதழில் வெகுகாலம் பணியாற்றியவர். பாளையங்கோட்டையில் நா. வானமாமலை தன்னைச் சுற்றி ஓர் ஆராய்ச்சிக் குழுவையே வளர்த்தார். அரசியலே அறியாத வீடுகளிலும் ‘சோவியத் நாடு’ வந்தது. அதன் வழவழப்பான தாளில் பள்ளி நோட்டுக்கு அட்டை போட்டால் வருடம் முழுக்கக் கிழியாது. கணக்கு நோட்டின் மேல் சிரித்த முகத்தோடு ஒரு டிராக்டர் ஓட்டுநர் அம்மா. எங்கள் தலைமுறைக்குச் சோவியத் யூனியன் என்றால் முதலில் அந்தத் தாளின் மணம்தான்.

1982 முதல் 1985 வரை பிரஷ்னேவ், ஆந்த்ரொப்போவ், செர்னென்கோ என்று மூன்று முதிய தலைவர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். 1985 மார்ச்சில் 54 வயது மிகயீல் கொர்பச்சோவ் பொறுப்புக்கு வந்தார். கட்சியிலேயே வளர்ந்தவர், கட்சியைச் சீர்திருத்த முடியும் என்று மனதார நம்பியவர். அவர் கையில் எடுத்த முதல் பெரிய காரியம் மதுவைக் கட்டுப்படுத்துவது. நல்ல நோக்கம். ஆனால் வோட்கா வரிதான் கஜானாவின் பெரிய ஊற்றுகளில் ஒன்று, அது வற்றியது. ஜனங்கள் வீட்டில் சாராயம் காய்ச்சத் தொடங்க, கடையில் சர்க்கரை காணாமல் போனது. தமிழ்நாட்டில் மதுவிலக்கும் கஜானாவும் ஆடும் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1986இல் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. தானியம் வாங்க டாலர் தந்தது அந்த எண்ணெய்தான். அதே வருடம் ஏப்ரலில் செர்னோபில் அணு உலை வெடித்தது.

1987 ஜூனில் நிறைவேறி 1988 ஜனவரியில் அமலுக்கு வந்த அரசுத் தொழில் நிறுவனச் சட்டம், மேலாளர்களுக்குச் சுதந்திரம் தந்தது. லாபத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம், ஊதியத்தைக் கூட்டலாம். ஆனால் விலைகள் பழைய விலைகளே. நட்டப்பட்டால் ஆலையை மூடவும் மாட்டார்கள். விளைவு என்ன ஆகும் என்று எந்தப் பலசரக்குக் கடைக்காரரும் சொல்லிவிடுவார். ஊதியம் ஏறியது, பொருள் ஏறவில்லை.

இங்கேதான் அவ்வளவாகப் பேசப்படாத ஒரு நுட்பம் இருக்கிறது. சோவியத் யூனியனில் ரூபிள் ஒன்றல்ல, இரண்டு. ஆலைக்கும் ஆலைக்கும் இடையே ஓடியது வங்கிப் புத்தகத்தில் மட்டும் இருந்த கணக்கு ரூபிள். அதை நோட்டாக மாற்ற முடியாது. மக்கள் சட்டைப் பையில் இருந்தது நோட்டு ரூபிள். மருதூர் அணையில் மேலக்கால், கீழக்கால் என்று இரண்டு பிரிகிறதே, அப்படி. ஒன்றின் தண்ணீர் மற்றொன்றில் கலக்காத வரைக்கும் கணக்கு நிற்கும். கணக்கு ரூபிளை எவ்வளவு பெருக்கினாலும் கடைத்தெரு விலைவாசியில் அது தெரியாது. 1988 மேயில் வந்த கூட்டுறவுச் சட்டம் சிறு தனியார் தொழில்களை அனுமதித்தது. கூட்டுறவு என்பது பெயருக்குத்தான். ஆலை ஒன்று தனக்குத் தெரிந்த கூட்டுறவுக்குக் கணக்கு ரூபிளில் ஒரு வேலையைக் கொடுக்கும். கூட்டுறவு அதைச் சம்பளமாக, நோட்டாக, வெளியே எடுக்கும். இரண்டு காலுக்கும் நடுவிலிருந்த கரையில் ஒரு பொந்து. சீக்கிரமே அது உடைப்பாகிவிட்டது.

கைநிறைய நோட்டு, கடையில் பொருள் இல்லை. மக்கள் வங்கியில் போட்டார்கள், மெத்தைக்கடியில் வைத்தார்கள். நம் ஊரில் எந்தக் குளத்துக்கும் ஒரு மறுகால் உண்டு. மிஞ்சிய தண்ணீர் அதன் வழியே அடுத்த குளத்துக்குப் போகும். பொருளாதாரத்தில் அந்த மறுகால் விலைதான். பணம் மிஞ்சினால் விலை ஏறி அதை வடித்துவிடும். வலிக்கும், ஆனால் கரை நிற்கும். சோவியத் குளத்தின் மறுகாலை 1962லேயே பூசி அடைத்துவிட்டார்கள். இப்போது மேலிருந்து வெள்ளம் வருகிறது. வரிசைகள் நீண்டன. சோப்புக்கும் சர்க்கரைக்கும் ரேஷன் வந்தது. 1991 ஜனவரியில் பிரதமர் பவ்லோவ் 50, 100 ரூபிள் நோட்டுகளைச் செல்லாதவை என்று அறிவித்து, மாற்றிக்கொள்ள மூன்று நாள் கொடுத்தார். 2016 நவம்பர் 8 இரவை மறக்காத நமக்கு அந்த வரிசையின் நீளத்தைச் சொல்லித் தர வேண்டாம். அதுவும் போதவில்லை.

இவ்வளவு ஓட்டையோடு அதுவரை அந்த வண்டி எப்படி ஓடியது என்று கேட்கலாம். கட்சியின் தொலைபேசி ஓட்டியது. ஓர் ஊரில் சிமென்ட் வரவில்லை என்றால் மாவட்டக் கட்சிச் செயலாளர் இன்னொரு செயலாளரைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவார், சிமென்ட் வரும். விலை சொல்லாத சேதியை, திட்டம் தவறவிட்ட சேதியை, கட்சி கொண்டுபோனது. அடாவடியாக, ஊழலோடு, ஆனாலும் கொண்டுபோனது. 1988 இலையுதிர்காலத்தில் கொர்பச்சோவ் மத்தியக் கமிட்டியின் பொருளாதாரத் துறைகளில் பெரும்பாலானவற்றைக் கலைத்தார். ஜனநாயகத்துக்கு அது தேவைதான்; 1989 மார்ச்சில் போட்டியுள்ள தேர்தலும், 1990இல் ஒரு கட்சி ஆட்சி என்ற அரசியல் சட்டப் பிரிவின் நீக்கமும் அந்தப் பாதையில் வந்தவை. ஆனால் விலை இன்னும் வாய் திறக்கவில்லை, திட்டம் வாயை மூடிவிட்டது, இப்போது தொலைபேசியும் செத்தது. சீனா வேறு வரிசையில் போனது: கட்சியை அப்படியே வைத்துக்கொண்டு, 1978க்குப் பிறகு முதலில் விவசாயிகளிடம் நிலத்தைப் பொறுப்புக்கு விட்டு, பழைய விலைக்குப் பக்கத்திலேயே சந்தை விலையையும் ஓடவிட்டது. அங்கே கரை உடையவில்லை. பேச்சுரிமையும் வரவில்லை. எது மேல் என்று ஒரு வரியில் தீர்ப்புச் சொல்கிறவர்களிடம் எனக்கு நம்பிக்கை கிடையாது.

மாஸ்கோவில் அந்தத் துறைகளுக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்த அதே பருவத்தில், 1988 நவம்பர் 20 அன்று, டெல்லியில் ராஜீவ் காந்தியும் கொர்பச்சோவும் முன்னிலை வகிக்க ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ராதாபுரம் வட்டத்தில், கடலோரத் தேரிக்கும் உடைமரத்துக்கும் நடுவே, கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட் உலைகள் இரண்டு. கடனுக்கு வட்டி 2.5 சதவீதம், திருப்பிக் கட்டுவது ரூபாயில், சரக்காக. எரிந்த எரிபொருளைச் சோவியத்தே எடுத்துக்கொண்டு போகும். தண்ணீர் பேச்சிப்பாறையிலிருந்து வரும். புத்தகக் கண்காட்சி விலைப்பட்டியலை இன்னொரு தடவை படிக்கிற மாதிரி இல்லையா?

செர்னோபில் நடந்து இரண்டரை வருடம்தான் ஆகியிருந்தது. கிளாஸ்னோஸ்து என்ற கொர்பச்சோவின் வெளிப்படைக் கொள்கை கொடுத்த வாய்ப்பால் சோவியத் மக்களே உலைகளை எதிர்க்கத் தொடங்கியிருந்தார்கள். கிரிமியாவில் ஏறத்தாழ முடியும் தறுவாயில் இருந்த, கூடங்குளம் வகையிலான உலை ஒன்று 1989இல் கைவிடப்பட்டது. இங்கேயும் மௌனம் இல்லை. 1989 மே 1 அன்று கன்னியாகுமரியில் மீனவர் பேரணி துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. 2011க்குப் பிறகு உலை எதிர்ப்புப் போராட்டத்தால் இடிந்தகரை உலகச் செய்தியானது. உலையை இயக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2013 மேயில் நிபந்தனைகளோடு தீர்ப்பளித்தது.

1991 டிசம்பர் 25 அன்று கொர்பச்சோவ் பதவி விலகினார். கையெழுத்திட்ட நாடே இல்லாமல் போனது. 1992 ஜனவரி 2 அன்று ரஷ்யா பெரும்பாலான விலைகளை அவிழ்த்துவிட்டது. அடைத்து வைத்த முப்பது வருடத் தண்ணீர் ஒரே வருடத்தில் வெளியே வந்தது. அந்த ஓராண்டில் விலைவாசி 26 மடங்கானது. ஓய்வூதியக்காரர்கள் மெடல்களைத் தெருவில் விரித்து விற்றார்கள். கூடங்குளம் பொட்டல் பொட்டலாகவே கிடந்தது.

அதைப் பிழைக்க வைத்தது ஒரு சட்ட நுணுக்கம். தன் முழு அணுத்துறையையும் சர்வதேசக் கண்காணிப்புக்குத் திறக்காத நாட்டுக்கு உலை விற்பதில்லை என்று அணுசக்தி வழங்கும் நாடுகள் 1992இல் விதி செய்துகொண்டன. ரஷ்யா, எங்கள் ஒப்பந்தம் 1988லேயே ஆகிவிட்டதே என்று வாதாடியது. செத்துப்போன நாட்டின் கையெழுத்துக்கு அது உயிரோடிருந்த காலத்தைவிட அதிக மதிப்பு. பொக்ரான் சோதனைக்கு அடுத்த மாதமே, 1998 ஜூனில், புதிய துணை ஒப்பந்தம். இந்த முறை கடன் டாலரில், வட்டி 4 சதவீதம். எரிந்த எரிபொருள் இங்கேயே தங்கும். கட்டுமானம் இந்தியாவின் பொறுப்பு. தண்ணீருக்குக் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. ஒரு பொருளாதாரம் விலை என்றால் என்னவென்று கற்றுக்கொண்டதைப் பார்க்க வேண்டுமானால் இந்த இரண்டு ஒப்பந்தங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் போதும்.

உலைக்குள்ளேயும் அந்தப் பத்து வருடம் பதிந்திருக்கிறது. செர்னோபில் உலையில் வினையைத் தொடர வைக்க கிராஃபைட், குளிர்விக்கத் தண்ணீர்; தண்ணீர் போனால் வினை ஏறும் வாய்ப்பு இருந்தது. கூடங்குளம் வகையில் இரண்டு வேலையையும் தண்ணீரே செய்கிறது. தண்ணீர் போனால் தொடர்வினை நின்றுவிடும். ஆனால் நின்ற பிறகும் எரிபொருளில் சூடு ஊறிக்கொண்டே இருக்கும். அதற்காகப் புதிய வடிவமைப்பில் இரண்டு ஏற்பாடுகள். மின்சாரமே இல்லாமல், சூடான நீராவி மேலே ஏறி, வெளிக்காற்றில் குளிர்ந்து, தன் எடையாலேயே தண்ணீராகக் கீழே இறங்கும் சுழற்சி ஒன்று. உலைக் கலத்துக்கு அடியில், எல்லாம் கைமீறி எரிபொருள் உருகி ஒழுகினால் ஏந்திக்கொள்ள ஒரு பெரிய கொப்பரை. 1988இல் பேசிய உலையில் அது இல்லை. இந்த வடிவமைப்புக்குப் பெயர் ஏஇஎஸ்-92.

மகேந்திரகிரி கதை இன்னும் குட்டையானது, இன்னும் விசித்திரமானது. சோவியத் யூனியன் தன் விண்வெளிச் சரக்கை வெளிநாட்டுக்கு விற்க 1985இல் தொடங்கிய அமைப்பு கிளாவ்காஸ்மோஸ். சோவியத்தின் கடைசி வருட ஜனவரியில், அதாவது பவ்லோவ் நோட்டுகளைச் செல்லாதவையாக்கிய அதே மாதத்தில், அது இந்தியாவுக்குக் கிரையோஜெனிக் எஞ்சினையும் செய்யும் வித்தையையும் தர ஒப்புக்கொண்டது. அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்கள் கேட்டதைவிட விலை வெகு குறைவு. பூஜ்யத்துக்கு 253 டிகிரி கீழே திரவமாக நிற்கும் ஹைட்ரஜனையும், 183 டிகிரி கீழே நிற்கும் ஆக்சிஜனையும் சேர்த்து எரிக்கும் எஞ்சின் அது. ஒரு கிலோ எரிபொருளுக்கு அவ்வளவு உந்துதல் பயன்பாட்டில் இருக்கும் வேறெந்த ராக்கெட் எரிபொருளிலும் கிடைப்பதில்லை. 1960களில் சோவியத் நிலவுப் பயணத்துக்கென்று உருவாக்கி, அந்தத் திட்டம் கைவிடப்பட்டதால் பறக்காமலே கிடந்த எஞ்சின். 1992இல் அமெரிக்கா தடை போட்டது. டாலர் தேவைப்பட்ட ரஷ்யா 1993இல் பின்வாங்கியது: எஞ்சின்கள் உண்டு, வித்தை கிடையாது. நிலவுக்காகச் செய்த அந்த எஞ்சின் முதன்முதலாக விண்ணுக்குப் போனது 2001 ஏப்ரலில், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, இந்திய ராக்கெட்டின் தலையில். வித்தையை நாம் மகேந்திரகிரி அடிவாரத்தில் சொந்தமாகக் கற்றுக்கொண்டோம். நாம் செய்த எஞ்சின் 2014 ஜனவரி 5 அன்று வெற்றிகரமாகப் பறந்தது. அதற்கு ஆறு மாதம் முன்னால்தான், 2013 ஜூலை 13 அன்று, கூடங்குளம் முதல் உலையில் தொடர்வினை தொடங்கியிருந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வந்து விழுகிற ஒரே மூலை நிலம்; இரண்டு பாக்கிகளும் ஏறத்தாழ ஒரே வருடத்தில் வசூலாயின.

நம் பக்கத்துப் பாக்கி ஒன்றும் உண்டு. இந்தியாவும் சோவியத்தும் டாலரைத் தொடாமல் ரூபாய்க் கணக்கிலேயே வியாபாரம் செய்தன. எண்ணெயும் இயந்திரமும் ஆயுதமும் வரும், தேயிலையும் தோலும் துணியும் போகும். இந்தியத் தேயிலையை அதிகம் வாங்கியது அந்த நாடுதான். அது மறைந்தபோது நாம் தர வேண்டிய தொகை ரூபிளில் எழுதப்பட்டிருந்தது, ரூபிளோ காற்றில் பறந்துகொண்டிருந்தது. எந்த மதிப்பில் கட்டுவது? 1993 ஜனவரியில் யெல்ட்சின் டெல்லி வந்தபோது பேசி முடித்தார்கள். 63 சதவீதத்தைப் பன்னிரண்டு வருடத்தில் சிறு வட்டியோடு கட்டுவது. மீதி 37 சதவீதத்தை வட்டியில்லாமல் 45 வருடத்தில் கட்டுவது. அலமாரியில் பெரல்மான் அசையாமல் இருக்கிறார். அந்தக் கடைசித் தவணைக்கு இன்னும் நாளிருக்கிறது.